வாகனக் கம்பனிகளும் காபன் புகையும்: கிழக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்துவிடப்பட்ட பிறகு மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று எங்கும் வாகனக் கதைதான். எதை வாங்குவது, மின்சாரமா ஹைபிரிட்டா (பெற்றோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்தது), சுற்றாடலுக்கு எது நல்லது என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். அடிக்கடி வரும் கேள்விகளை எடுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஓட்டுகிறவர் என்ன செய்யலாம் என்பதும் இதில் உண்டு. ஆனால் வாகனத்தைச் செய்து விற்கிற கம்பனிதான் முதலில் பதில் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் எவ்வளவு காபனீரொட்சைட்டு வரும்?

ஏறத்தாழ 2.3 கிலோ. டீசல் என்றால் 2.7 கிலோ வரை. ஒரு லீற்றர் பெற்றோலின் நிறையே முக்கால் கிலோதானே, புகை எப்படி அதைவிடப் பாரமாகும் என்று பலரும் கேட்பார்கள். பெற்றோலில் இருக்கும் காபன் எரியும்போது காற்றிலுள்ள ஒட்சிசனைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. கூடுதல் நிறை அந்த ஒட்சிசனுடையது.

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு வேலைக்கு வந்து போகிறவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர் ஓடுகிறார். லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிள் என்றால் அன்றைய கணக்கு 3.7 கிலோ. லீற்றருக்கு 14 கிலோமீற்றர் ஓடும் காரில் தனியாக வந்தால் 13 கிலோ. உலகத்தில் எரிசக்தியால் வரும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழக் காற்பங்கு போக்குவரத்தினுடையது. அதில் முக்காற்பங்கு வீதியில் ஓடும் வாகனங்களிலிருந்து வருகிறது.

கிழக்கில் வாகனமே செய்வதில்லையே, உற்பத்தித் துறையைப் பற்றி நமக்கு என்ன?

நாம் ஓட்டும் வாகனம் எவ்வளவு குடிக்கும் என்பதை ஜப்பானிலோ இந்தியாவிலோ உள்ள வடிவமைப்பாளர் என்றோ தீர்மானித்துவிட்டார். எஞ்சினின் அளவு, வண்டியின் பாரம், கியர் அமைப்பு எல்லாமே அங்கே முடிவானவை. அப்புறம் இங்கே யார் கவனமாக ஓட்டினாலும் அதில் கொஞ்சத்தைத்தான் மிச்சம் பிடிக்கலாம். நம் ஊரில் ஒரு வாகனம் இருபது வருடம் ஓடுவது சாதாரணம். ஏறாவூரிலும் சம்மாந்துறையிலும் அதைவிடப் பழைய வான்களும் லொறிகளும் இன்னும் உழைக்கின்றன. அங்கே எடுத்த ஒரு முடிவு இங்கே இருபது வருடப் புகையாகிறது.

ஐரோப்பாவில் கம்பனிகளுக்குச் சட்டம் இருக்கிறது. ஒரு கம்பனி விற்கும் புதிய கார்களின் சராசரிப் புகை கிலோமீற்றருக்கு 130 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று 2015இல் இருந்த இலக்கு, பின்னர் 95 கிராமுக்கு இறங்கியது. மீறினால் தண்டப்பணம். இதற்குப் பயந்துதான் பல கம்பனிகள் மின்சாரக் கார்களைத் தீவிரமாக உருவாக்கின. ஆனால் அந்தச் சட்டம் ஐரோப்பாவில் விற்கும் வாகனத்துக்கு மட்டும். அதே கம்பனி வேறு நாட்டுக்கு அனுப்பும் வண்டியை அது தொடாது.

பயன்படுத்திய வாகனங்களின் கதை இன்னொன்று. 2015 முதல் 2018 வரை ஐரோப்பா, ஜப்பான், அமெரிக்கா ஆகிய இடங்களிலிருந்து 14 மில்லியன் பயன்படுத்திய சிறு வாகனங்கள் ஏற்றுமதியானதாக ஐ.நா. சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2020இல் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் எண்பது வீதம் போனது வருமானம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளுக்கு. ஒரு கம்பனி தன் வாகனங்களின் காபன் குறைந்துவிட்டது என்று சொல்லும்போது, அந்தக் கணக்கில் நம் வீதியில் ஓடும் அதன் வண்டிகளும் இருக்கின்றனவா என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

புகைப் பரிசோதனையில் பாஸாகிவிட்டது. அப்படியென்றால் காபன் குறைவுதானே?

இரண்டும் வேறு. வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன்னர் செய்யும் பரிசோதனையில் பெற்றோல் வண்டிக்கு காபன்மொனொட்சைட்டும் எரியாத ஐதரோகாபனும் பார்க்கப்படும். டீசல் வண்டிக்கு புகையின் கருமை பார்க்கப்படும். இவை மூச்சுக்கும் நெஞ்சுக்கும் கெடுதி செய்பவை, பார்க்கத்தான் வேண்டும். காபனீரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எரிகிற எரிபொருளின் அளவுக்கு ஏற்ப அது வந்தே தீரும்.

யூரோ 4, யூரோ 6 என்று சொல்லும் தரங்களும் நைதரசன் ஒட்சைட்டு, நுண்துகள் போன்ற நச்சுப் புகைக்கானவை. அந்தச் சோதனையைக்கூட ஒரு பெரிய கம்பனி ஏமாற்றியது. தன் டீசல் கார்களில், சோதனை நடக்கும்போது மட்டும் சுத்தமாக ஓடும் மென்பொருளை வோக்ஸ்வாகன் வைத்திருந்தது 2015 செப்டெம்பரில் வெளிவந்தது. உலகம் முழுக்க 11 மில்லியன் கார்கள். அதற்குப் பிறகுதான் ஐரோப்பாவில் ஆய்வுகூடத்தில் மட்டுமன்றி வீதியில் ஓட்டியும் அளக்கும் சோதனை கட்டாயமானது. கம்பனி சொல்வதை அப்படியே நம்பாமல் அளந்து பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

நுரைச்சோலை நிலக்கரியில் வரும் மின்சாரத்தில் ஓடினால் மின்சார வாகனத்தால் என்ன பயன்?

இது நியாயமான கேள்வி. எனவே கணக்கைப் போட்டே பார்ப்போம். நூறு கிலோமீற்றர் ஓட ஒரு சாதாரண மின்சாரக் காருக்கு, சார்ஜ் இழப்பும் சேர்த்து 16 யூனிட் வேண்டும் என்று வையுங்கள். நிலக்கரி மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ காபனீரொட்சைட்டு. முழுக்க நிலக்கரி என்றால் 16 கிலோ. லீற்றருக்கு 14 ஓடும் பெற்றோல் காரும் அதே 16 கிலோதான். லீற்றருக்கு 22 ஓடும் ஹைபிரிட் 10 கிலோவோடு முடித்துவிடும். ஆக, நிலக்கரி மின்சாரம் மட்டுமே இருந்தால் ஹைபிரிட் நல்லது என்று சொல்வேன்.

ஆனால் நம் மின்சாரம் முழுக்க நிலக்கரி இல்லை. அண்மைய வருடங்களில் ஏறத்தாழப் பாதி, நீரிலிருந்தும் காற்றிலிருந்தும் சூரியனிலிருந்தும் வருகிறது. மழை நல்லாப் பெய்த வருடத்தில் இன்னும் கூடும். அந்தச் சராசரியில் மின்சாரக் காரின் கணக்கு 16இலிருந்து 8 கிலோவுக்குக் கிட்ட இறங்குகிறது. அம்பாறை மாவட்டத்து இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்தின் கீழ் ஓடும் நீர்மின் நிலையம் 11 மெகாவாட் அளவில் சிறியதுதான், ஆனாலும் பல தசாப்தங்களாகக் கரி எரிக்காமல் மின்சாரம் தருகிறது.

இதில் நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது சார்ஜ் செய்யும் நேரத்தைத்தான். மாலை 6.30 முதல் 10.30 வரை நாடே விளக்குப் போடும் நேரம். அப்போது எண்ணெய் எரிக்கும் நிலையங்களும் ஓடும். நடுப்பகலிலோ சூரிய மின்சாரம் மிஞ்சிக் கிடக்கிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பாவனை குறைந்தபோது, கூரைச் சூரியப் படலங்களைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்க வேண்டி வந்தது. மிச்சமாகிப் போகும் அந்தப் பகல் மின்சாரம் வாகனங்களுக்குப் போகலாமே. ஆசிரியர், வங்கி ஊழியர், கச்சேரியில் வேலை செய்கிறவர் எல்லாருடைய வண்டியும் காலை எட்டிலிருந்து பின்னேரம் மூன்று நான்கு மணி வரை வெயிலில் சும்மா நிற்கிறது. நிறுத்துமிடத்தில் ஒரு பிளக்கும், மேலே சூரியப் படலக் கூரையும் இருந்தால் வண்டிக்கு நிழலும் கிடைக்கும், சார்ஜும் ஏறும். வாகனம் விற்கும் கம்பனிகள் ஷோரூமில் ஒரு வேகச் சார்ஜரை வைத்துப் படம் எடுப்பதோடு நிற்காமல் பாடசாலை, வைத்தியசாலை, அலுவலக வளவுகளில் இப்படிச் செய்ய முன்வந்தால் பயன் பெரிது.

மோட்டார் சைக்கிள், ஆட்டோ?

கிழக்கில் மாற்றம் தொடங்க வேண்டிய இடம் இதுதான். மின்சார ஸ்கூட்டர் நூறு கிலோமீற்றருக்கு 3 யூனிட் அளவே எடுக்கும். முழுக்க நிலக்கரி மின்சாரம் என்று வைத்தாலும் 3 கிலோ. பெற்றோல் மோட்டார் சைக்கிள் அதே தூரத்துக்கு 4.6 கிலோ. நம் கலப்பு மின்சாரத்தில் ஒன்றரைக் கிலோவுக்குள் முடிந்துவிடும். காரில் நடுவில் நிற்கிற வாதம் இரண்டு சக்கரத்தில் தெளிவாக ஒரு பக்கம் சாய்கிறது. ஒரு காருக்குப் போகும் பற்றரியில் பதினைந்து இருபது ஸ்கூட்டர் ஓடலாம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆட்டோவும் அப்படித்தான். பெற்றோலோடு எண்ணெயையும் சேர்த்து எரிக்கும் டூ-ஸ்ட்ரோக் ஆட்டோ இறக்குமதி 2008இல் நிறுத்தப்பட்டபோது, ஓட்டுநர்களின் பிழைப்பே போய்விடும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். போர்-ஸ்ட்ரோக் வந்தது, எண்ணெய்ப் புகை குறைந்தது, ஓட்டமும் கூடியது. இந்தியாவில் பஜாஜ், டீ.வி.எஸ்., மஹிந்திரா எல்லாம் மின்சார வண்டிகளை விற்கின்றன. 2023இல் உலகின் மிகப் பெரிய மின்சார முச்சக்கர வண்டிச் சந்தையாக இந்தியா சீனாவை முந்தியது. நம் ஆட்டோக்களில் பெரும்பாலானவை வருவதும் அதே கம்பனிகளிடமிருந்துதான். அங்கே விற்பதை இங்கே விற்க அவர்களுக்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. வரியும் லீசிங்கும்தான் சரிவர வேண்டும்.

2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனதையும், பெற்றோல் செட் வாசலில் ஆட்டோவுக்குள்ளேயே இரவில் படுத்தவர்களையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பெற்றோலை மட்டும் நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்று அந்த வருடம் எல்லோருக்கும் காட்டிவிட்டது.

ஒன்று மட்டும் கவனம்: மின்சார ஸ்கூட்டர் வாங்க முன் அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியலாமா என்று உறுதி செய்யுங்கள். பற்றரி ஈய அமிலமா லித்தியமா என்றும் கேளுங்கள். ஈய அமிலம் விலை குறைவு, ஆனால் தினமும் முழுசாக இறக்கி ஏற்றினால் சீக்கிரம் களைத்துவிடும்.

ஹைபிரிட் வாங்கினால் பற்றரி செத்துப்போகும் என்கிறார்களே?

சாகும் முன் அதற்கு மூச்சு முட்டுகிறது. பிரியஸ், அக்வா போன்றவற்றில் பற்றரி பின்பக்கம் இருக்கிறது. அதைக் குளிர வைக்க ஒரு சின்ன ஃபேன், பின் ஆசனத்துக்குப் பக்கத்திலுள்ள துவாரம் வழியாக உள்ளேயிருக்கும் காற்றை இழுக்கிறது. துணிப்பை, தலையணை, பிள்ளையின் புத்தகப்பை எல்லாம் அந்தத் துவாரத்தின் மேல்தான் போய்க் கிடக்கும். நம் ஊர் மணல்தூசியும் ஆசனத்துப் பஞ்சும் சேர்ந்து உள்ளே ஃபேன் இறக்கைகளில் கம்பளி போலப் படிந்துவிடும். காற்றுப் போகாமல் பற்றரி சூடாகும், பிறகு வலுவிழக்கும். அப்போதும் கார் ஓடத்தான் செய்யும், ஆனால் எஞ்சினே எல்லா வேலையையும் செய்வதால் ஹைபிரிட் வாங்கிய பயனே போய்விடும். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ஃபேனைக் கழற்றித் துப்புரவாக்கச் சொல்லுங்கள்.

பற்றரி முழுவதையும் மாற்ற வேண்டும் என்று உடனே சொன்னால் இன்னொரு இடத்தில் காட்டுங்கள். பழைய பிரியஸ் பற்றரி 28 துண்டுகள் சேர்ந்தது, அக்வாவில் 20. பல நேரம் ஒன்றிரண்டு துண்டுதான் பழுதாகியிருக்கும். அவற்றை மட்டும் மாற்றத் தெரிந்த பொடியன்கள் நம் கராஜ்களில் இருக்கிறார்கள்.

ஏ.சி. கேஸுக்கும் காபனுக்கும் என்ன சம்பந்தம்?

கேட்கவேண்டிய கேள்வி, ஆனால் கேட்பவர் குறைவு. நம் கார்களில் பெரும்பாலும் இருக்கும் ஆர் 134ஏ என்ற குளிர்வாயு, அதே நிறை காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 1,430 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். பொனட்டைத் திறந்தால் உள்ளே ஒரு ஸ்டிக்கரில் என்ன வாயு, எத்தனை கிராம் என்று எழுதியிருக்கும். சாதாரணக் காரில் 450 கிராம் என்று வைத்தால், அது முழுவதும் வெளியே போனால் 640 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். அதாவது 280 லீற்றர் பெற்றோல் எரித்ததற்கு ஈடு. மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு ஆறு தடவை போய்வந்தால் எரிகிற அளவு அது.

நடப்பதோ இப்படி. குளிர் காணாது என்று கராஜுக்குப் போகிறோம். வால்வை அமுக்கி மிச்சக் கேஸைக் காற்றில் விட்டுவிட்டுப் புதுக் கேஸ் ஏற்றுகிறார்கள். ஒழுக்கு அப்படியே இருக்கும். மூன்று மாதத்தில் மறுபடியும் அதே இடம், அதே வேலை. கராஜ்காரரைக் குறை சொல்லிப் பலனில்லை. கேஸை உறிஞ்சி எடுத்துச் சேமிக்கும் இயந்திரம் விலை கூடியது. இந்தச் செலவை வாகனக் கம்பனிகளும் அவற்றின் முகவர்களும் ஏற்க வேண்டும். ஐரோப்பாவில் 2017 முதல் எந்தப் புதிய காரிலும் இந்த வாயு இருக்கக்கூடாது என்று சட்டம் வந்ததும், கம்பனிகள் மாற்று வாயுவுக்கு மாறிக்கொண்டன. வெயில் கூடிய நம் நாட்டுக்கு வரும் வண்டியில்தான் அது முதலில் இருந்திருக்க வேண்டும்.

நீங்கள் கராஜில் கேட்க வேண்டியது ஒன்று: கேஸ் ஏற்ற முன் ஒழுக்கைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்லுங்கள். உங்கள் காசும் மிஞ்சும்.

மின்சாரக் காரைச் செய்வதிலேயே நிறையக் காபன் வருகிறதாமே?

உண்மை. பற்றரி செய்வதால் தொழிற்சாலைக் கணக்கில் பெற்றோல் காரைவிடக் கூடுதல்தான். ஆனால் ஓட ஓட அந்தக் கடன் அடைகிறது. வாகனம் செய்வது முதல் கழிப்பது வரை முழுக் கணக்கையும் போட்ட சர்வதேச ஆய்வொன்று 2021இல் வந்தது. அதன்படி ஐரோப்பாவில் மின்சாரக் காரின் மொத்தக் காபன் பெற்றோல் காரைவிட 66 முதல் 69 வீதம் குறைவு. நிலக்கரியை அதிகம் நம்பும் இந்தியாவில்கூட 19 முதல் 34 வீதம் குறைவு. நம் மின்சாரம் இந்தியாவினுடையதைவிடச் சுத்தமானது.

இதையும் குறைக்க வழி உண்டு. உருக்கை நிலக்கரிக்குப் பதில் ஐதரசன் கொண்டு செய்யலாம். அப்படிச் செய்த உருக்கில் வோல்வோ 2021இல் ஒரு சுமைகாவி வண்டியைச் செய்து காட்டியது. கோபால்ட்டும் நிக்கலும் இல்லாத லித்தியம் இரும்பு பொஸ்பேற்று பற்றரிகள் பரவி வருகின்றன. கொங்கோவின் கோபால்ட் சுரங்கங்களில் தொழிலாளர் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு அது காபன் கணக்கையும் தாண்டிய நல்ல செய்தி.

நம் வெயிலை பற்றரி தாங்குமா?

வடிவமைப்பைப் பொறுத்தது. நிசான் லீஃப் 2010இல் வந்தபோது பற்றரிக்குத் தனியான குளிர்விப்பு வைக்கவில்லை. வெப்ப நாடுகளில் அது சீக்கிரம் தேய்ந்தது. பழைய லீஃப் வாங்குகிறவர்கள் டாஷ்போர்டில் சார்ஜ் அளவுக்குப் பக்கத்திலுள்ள சிறிய கோடுகளை எண்ணுங்கள். புதிதில் 12 இருக்கும். குறையக் குறைய ஓடும் தூரமும் குறையும். திரவக் குளிர்விப்பு உள்ள பற்றரிகள் நன்றாகத் தாங்குகின்றன.

ஹிங்குராணையில் சீனி ஆலை இருக்கிறதே, எதனோலில் ஓடலாமே?

பிரேசில் 1975இலேயே அந்தத் திட்டத்தைத் தொடங்கி, 2003 முதல் பெற்றோலும் எதனோலும் எந்த அளவில் கலந்தாலும் ஓடும் கார்களை விற்கிறது. நம்மிடம் அந்த அளவு கரும்பும் இல்லை, நிலமும் தண்ணீரும் இல்லை. கல்லோயாத் தண்ணீர் நெல்லுக்கே போதாத போகங்கள் உண்டு. சிறிதளவு கலப்பது சாத்தியம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

வெள்ளத்தில் மின்சார வாகனம் ஓடலாமா?

பல மின்சாரக் கார்களின் பற்றரிப் பெட்டி, ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணித்தியாலம் கிடந்தாலும் நீர் புகாதபடி அடைக்கப்பட்டது. அதற்காக மார்கழி மழையில் நீர் பாயும் தாம்போதியைக் கடக்கலாம் என்று நினைக்க வேண்டாம். நீரின் இழுவை எந்த வண்டியையும் தூக்கும். வாகனம் மூழ்கினால் சார்ஜ் போடாமல், தெரிந்தவரிடம் காட்டிய பிறகே தொடுங்கள். கடலோரத்து உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கும். விற்பவரிடம் அதற்கான உத்தரவாதத்தை எழுத்தில் கேளுங்கள்.

கம்பனிகள் எங்கே தவறுகின்றன?

முதலாவது, பாரம். உலகில் விற்கும் புதிய கார்களில் ஏறத்தாழப் பாதி இப்போது உயரமான, பாரமான எஸ்.யூ.வி. ரகம். எஞ்சினில் மிச்சம் பிடித்ததை உடம்பைப் பெருக்கி இழக்கிறார்கள். இலாபம் அதில் கூட என்பதால் விளம்பரமும் அதற்கே.

இரண்டாவது எனக்கு மிகவும் உறுத்துவது. பழுதுபார்க்கும் தகவலைப் பூட்டி வைக்கிறார்கள். பற்றரி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கும் மென்பொருள், வயரிங் வரைபடம், ஒரு சின்ன உதிரிப்பாகம் எதையும் களுவாஞ்சிக்குடியில் உள்ள கராஜ்காரர் நேராகப் பெற முடியாது. சரிசெய்யக்கூடிய வண்டி ஒதுக்கப்பட்டு இன்னொன்று வாங்கப்படுகிறது. அந்த இன்னொன்றைச் செய்யவும் உருக்கு உருக வேண்டும். ஐரோப்பாவில் 2027 பெப்ரவரி முதல் மின்சார வாகனப் பற்றரிகளுக்கு அதன் பிறப்பு, உள்ளடக்கம், நிலை எல்லாம் பதிந்த மின்னணுக் கடவுச்சீட்டு கட்டாயம். இங்கே இறக்குமதியாகும் பற்றரிக்கும் அதையே கேட்கும் ஒரு வரியை நம் அரசு விதிமுறையில் சேர்க்கலாம். செலவில்லாத வேலை அது.

பஸ்ஸில் போனால் உண்மையில் வித்தியாசமா?

பெரிய வித்தியாசம். டீசல் பஸ் நூறு கிலோமீற்றருக்கு 28 லீற்றர் எரித்தால் 75 கிலோ. ஐம்பது பேர் இருந்தால் ஆளுக்கு ஒன்றரைக் கிலோ. தனியாகக் காரில் போனவருக்கு 16 கிலோ என்று மேலே பார்த்தோம். கொழும்புக்கு உதயதேவியில் போவதும் நல்லது. ஆனால் ரயில் பாதை மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. அம்பாறை மாவட்டத்தவருக்கு பஸ்ஸை விட்டால் வேறு இல்லை, அதனால் நல்ல பஸ் அவர்களின் உரிமை.

சீனாவின் ஷென்சென் நகரம் 2017 முடிவுக்குள் 16,000க்கு மேற்பட்ட பஸ்கள் அத்தனையையும் மின்சாரமாக்கியது. நம் இ.போ.ச. டிப்போக்களில் நிற்பவை பெரும்பாலும் அசோக் லேலண்டும் டாட்டாவும். இரண்டு குழுமங்களும் இந்தியாவில் மின்சார பஸ் செய்கின்றன. மட்டக்களப்பு - கல்முனை - அக்கரைப்பற்று பாதையில் ஏற்றம் இறக்கம் கிடையாது. ஒரு பஸ் நாளுக்கு ஓடும் தூரம் ஒரு சார்ஜுக்குள் பெரும்பாலும் அடங்கும், இரவில் டிப்போவுக்கே திரும்பிவிடும். மின்சார பஸ்ஸை இலங்கையில் ஓட்டிப் பார்க்க விரும்பும் எந்தக் கம்பனிக்கும் இதைவிட இலகுவான பாதை கிடைப்பது கஷ்டம்.